டார்வென் கால்பந்துக் கிளப்: ஆரம்ப காலம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்துக் கால்பந்து வரலாறு படிக்கிறவர்கள் டார்வென் என்ற பெயரை எங்கேயாவது ஓரிடத்தில் தாண்டி வந்திருப்பார்கள். பெரும்பாலும் ஒரு வரியில், "ஈட்டன்காரர்களை (பணக்கார ஈட்டன் பள்ளியில் படித்தவர்களை) மிரள வைத்த மில் தொழிலாளர் அணி" என்று சொல்லிவிட்டு எல்லோரும் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள். அந்த ஒரு வரிக்கு முன்னும் பின்னும் நிறைய இருக்கிறது.

டார்வென் எங்கே இருக்கிறது?

வடமேற்கு இங்கிலாந்தில், லங்காஷயரில். பிளாக்பர்னுக்குத் தெற்கே ஆறேழு கிலோமீட்டர்தான். பள்ளத்தாக்கில் நீளவாக்கில் கிடக்கிற பருத்தி மில் ஊர். கிளப் பேர் வாங்கிய 1870-களின் கடைசியில் மக்கள்தொகை ஏறக்குறைய முப்பதாயிரம். ஊரில் இன்றும் முதலில் கண்ணில் படுவது இந்தியா மில்லின் புகைபோக்கி. 1867-ல் கட்டி முடித்தது, 300 அடிக்கு மேல் உயரம், இத்தாலிய மணிக்கூண்டு மாதிரி அலங்காரம் செய்திருப்பார்கள். பெயரைப் பார்த்தாலே தெரியும், இந்த ஊர்த் துணிக்குப் பெரிய சந்தை எது என்று.

கிளப் எப்போது ஆரம்பித்தது? யார் ஆரம்பித்தார்கள்?

1870. இங்கேயே ஒரு சின்ன முரண் இருக்கிறது. தொழிலாளர்களின் அணி என்று புகழ்பெற்ற இந்தக் கிளப்பைத் தொடங்கியவர்கள் தொழிலாளர்கள் இல்லை, நத்தானியேல் வால்ஷ் என்ற மில் முதலாளியின் பிள்ளைகள். ஹாரோ பள்ளியில் படிக்கும்போது பழகிய பந்தை ஊருக்குக் கொண்டுவந்து, மில் பையன்களோடு சேர்ந்து ஆடினார்கள். பக்கத்து டர்ட்டன் கிராமத்திலும் கிட்டத்தட்ட இதே கதை. அங்கேயும் ஹாரோவில் படித்துத் திரும்பிய ஒருவர்தான் 1871-ல் கிளப்பைத் தொடங்கினார். லங்காஷயர் கால்பந்தின் பிறப்பைத் தேடிப் போனால் இப்படிப் பணக்காரப் பள்ளிக்கூடத்தில்தான் போய் நிற்கும். அதே மில் பையன்கள் பிறகு எதிர்த்து நின்றதும் அந்த மாதிரிப் பள்ளிகளில் படித்தவர்களைத்தான்.

ஆரம்பத்தில் ரக்பி ஆடினார்களாமே?

ஆமாம். முதல் சில வருடங்கள் எல்லாமே கலந்துதான் இருந்தது. ரக்பி, கிரிக்கெட், கூடவே கால்பந்து. ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு விதி இருந்த காலம் அது, இரண்டு அணிகள் மோதினால் யாருடைய விதிப்படி ஆடுவது என்று முதலில் பேசி முடிக்க வேண்டும். 1875-ல்தான் டார்வென் ரக்பியை ஒதுக்கிவிட்டு அசோசியேஷன் விதிகளுக்கு, அதாவது இன்றைய கால்பந்தின் விதிகளுக்கு, மாறியது. மைதானம் பார்லி பேங்க்.

ஏன் இந்த மில் ஊர்களில் மட்டும் கால்பந்து இப்படிப் பற்றிக்கொண்டது?

சனிக்கிழமை மதியம்தான் காரணம். 1850 தொழிற்சாலைச் சட்டம் நெசவு மில்களில் பெண்களுக்கும் இளம்பிள்ளைகளுக்கும் சனிக்கிழமை இரண்டு மணிக்கு மேல் வேலை கூடாது என்றது. அவர்கள் இல்லாமல் மில் ஓடாது, ஆகவே ஆண்களுக்கும் அப்போதே வேலை முடிந்தது. 1874 சட்டத்தில் அது இன்னும் ஒரு மணி நேரம் முன்னே வந்தது. ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள், கையில் அந்த வாரக் கூலியோடு, மதியம் முழுக்கச் சும்மா இருக்கிறார்கள். ஊர்களும் நெருக்கமானவை, டார்வென், பிளாக்பர்ன், போல்ட்டன் எல்லாம் ஒரே ரயில் பாதை. எதிரணியைத் தேடி அதிக தூரம் அலைய வேண்டியதில்லை, வெறுப்பதற்கும் பக்கத்து ஊரே போதும்!

டார்வென் இதில் எவ்வளவு முன்னால் நின்றது என்பதற்கு ஓர் அடையாளம்: லங்காஷயர் கால்பந்துச் சங்கம் 1878 செப்டம்பரில் உருவானது டார்வெனில் நடந்த கூட்டத்தில்தான். பிளாக்பர்னிலோ போல்ட்டனிலோ இல்லை.

1879 எஃப்.ஏ. கோப்பையில் அப்படி என்ன நடந்தது?

இதைக் கேட்கத்தான் பெரும்பாலானவர்கள் வருகிறீர்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்லலாம்.

எஃப்.ஏ. கோப்பை, அதாவது இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் (எஃப்.ஏ.) நடத்துகிற நாடளாவிய போட்டி, 1871-ல் தொடங்கியது. முதல் சில வருடங்கள் அதை வென்றவர்கள் எல்லோரும் கனவான்கள்: வாண்டரர்ஸ், ராயல் எஞ்சினியர்ஸ், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம். டார்வென் முதல் முறையாகக் கோப்பையில் கலந்துகொண்டது 1877-78-ல். அடுத்த வருடம் பக்கத்து ஈகிலி அணியைத் தாண்டி, ரெம்னன்ட்ஸ் அணியை 3-2 என்று தோற்கடித்துக் காலிறுதிக்கு வந்துவிட்டார்கள். எதிரே ஓல்டு ஈட்டோனியன்ஸ், அதாவது ஈட்டன் பள்ளியின் முன்னாள் மாணவர்கள். அந்தக் கால ஆட்டத்தின் மிகப் பெரிய நட்சத்திரமான ஆர்தர் கின்னெர்டின் அணி.

ஆட்டம் 1879 பிப்ரவரி 13, லண்டன் கென்னிங்டன் ஓவல். இன்றைக்கு நாம் கிரிக்கெட்டுக்காகத் தெரிந்துவைத்திருக்கிற அதே ஓவல். லங்காஷயரிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் வந்து இறங்கிய அணி, ஒரு கட்டத்தில் 5-1 என்று பின்னால் நின்றது. கடைசிக் கால் மணி நேரம்தான் பாக்கி. அந்தக் கால் மணி நேரத்தில் டார்வென் நான்கு கோல் அடித்தது. 5-5.

கூடுதல் நேரம் ஆடலாம் என்றது டார்வென். ஈட்டன் தரப்பு மறுத்துவிட்டது. சரி, மறு ஆட்டத்துக்கு நீங்கள் எங்கள் ஊருக்கு வாருங்கள் என்றால் அதற்கும் மாட்டோம் என்றார்கள். ஆக மறுபடியும் லண்டன். மார்ச் 8, ஓவல், இம்முறை கூடுதல் நேரமும் ஆடி 2-2. ஒரு வாரம் கழித்து மார்ச் 15, திரும்பவும் ஓவல். மூன்றாவது ஆட்டத்தில் டார்வென் களைத்துப்போய் 6-2 என்று தோற்றது. ஈட்டோனியன்ஸ் அந்த வருடக் கோப்பையையே வென்றுவிட்டார்கள், இறுதியில் கிளாஃபம் ரோவர்ஸை 1-0 என்று.

டார்வென் தோற்றது என்னவோ உண்மை. ஆனால் மூன்றாவது ஆட்டத்தின் எண்ணிக்கையை மட்டும் வைத்து இரண்டு அணிகளையும் எடை போடுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. ஒரு தரப்புக்கு ஓவல் வீட்டு வாசல், இன்னொரு தரப்புக்கு ஒவ்வொரு முறையும் வேலையை விட்டு, கூலியை இழந்து, நாட்டின் பாதியைக் கடந்து வர வேண்டும்.

அவ்வளவு பயணத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது?

ஊரில் வசூல் செய்தார்கள். மில்களிலும் கடைகளிலும் கேட்டு வாங்கிச் சேர்த்த சந்தா. இரக்கப்பட்டுக் கால்பந்துச் சங்கம் பத்து பவுண்டு கொடுத்தது, ஈட்டோனியன்ஸ் ஐந்து பவுண்டு கொடுத்தார்கள். ஊருக்கு வந்து ஆட மாட்டோம், ஐந்து பவுண்டு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பெருந்தன்மை என்று எழுதியவர்களும் உண்டு. இந்தக் கிளப்பின் வரலாற்றில் எந்தப் பக்கம் திரும்பினாலும் 'யார் பணம்?' என்ற கேள்வியில்தான் முட்டிக்கொள்வீர்கள், கீழே இன்னும் வரும்.

ஃபெர்கஸ் சூட்டர், ஜேம்ஸ் லவ். இவர்கள் யார்?

இருவரும் கிளாஸ்கோக்காரர்கள். பார்ட்டிக் என்ற கிளப்புக்கு ஆடியவர்கள். (இன்றுள்ள பார்ட்டிக் திசில் வேறு கிளப், குழப்பிக்கொள்ள வேண்டாம்.) பார்ட்டிக் அணி லங்காஷயருக்கு வந்து டார்வெனோடு ஆடியிருந்ததால் பழக்கம் ஏற்கனவே இருந்தது. 1878-ல் முதலில் லவ் வந்தார், வருடக் கடைசியில் சூட்டர் வந்து சேர்ந்தார். அந்த அக்டோபரில் சிட்டி ஆஃப் கிளாஸ்கோ வங்கி திவாலாகி, ஊரில் தொழிலெல்லாம் படுத்துவிட்டது. கட்டட வேலை நின்றால் கல்தச்சனுக்கு என்ன வேலை? சூட்டர் கல்தச்சர்.

டார்வெனுக்கு வந்து கொஞ்ச நாள் அந்த வேலையைத்தான் செய்தார். பிறகு விட்டுவிட்டார். இங்கிலாந்துக் கல் ரொம்பக் கெட்டி, கை வீங்கிப்போகிறது என்று காரணம் சொன்னதாகப் பிரபலமான கதை ஒன்று உண்டு. அதற்குப் பிறகு அவருக்கு வேறு வேலை இருந்ததாகத் தெரியவில்லை, சாப்பாட்டுக்குக் குறைவும் இருக்கவில்லை. ஊருக்கே புரிந்திருக்கும், யாரும் வாய் திறக்கவில்லை.

அப்படியானால் உலகின் முதல் தொழில்முறைக் கால்பந்து வீரர் சூட்டரா?

அப்படித்தான் பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அந்த 'முதல்' பட்டத்தில் பெரிய நம்பிக்கை இல்லை. ரகசியமாக நடந்த ஒரு விஷயத்தில் முதல் ஆள் யார் என்று எப்படிச் சொல்வது? டார்வெனுக்கு முதலில் வந்தவர் லவ் என்பதால் பட்டம் அவருக்குத்தான் போக வேண்டும் என்று வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆடுவதற்காக ஊர் மாறி வந்து, ஆட்டத்தாலேயே பிழைத்தவர்களில் மிக முந்தையவர்கள் இந்த இருவரும் என்று சொன்னால் தப்பில்லை.

பணம் எப்படி வந்தது என்பதைப் பல வருடம் கழித்துச் சூட்டரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். நிலையான சம்பளம் கிடையாதாம். தேவைப்படும்போது பொருளாளரைப் போய்ப் பார்க்க வேண்டியது. சில சமயம் மூன்று வாரம் எதுவும் வாங்காமல் இருந்துவிட்டுப் பத்து பவுண்டு கேட்பதுண்டு, மறுப்பே வந்ததில்லை என்கிறார். நம்ம ஊரில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கொடுத்து ஆட வைப்பது போலத்தான், ஒரே வித்தியாசம், இங்கே வேலை என்ற பெயர்கூட இல்லை.

லவ்வின் முடிவு சோகமானது. கொஞ்ச காலத்திலேயே கால்பந்தை விட்டு மரைன் படையில் சேர்ந்தார். 1882-ல் எகிப்துப் போருக்குப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு இறந்தார்.

ஸ்காட்லாந்துக்காரர்கள் ஆடிய விதத்தில் அப்படி என்ன புதுமை?

அக்காலத்து இங்கிலாந்து ஆட்டம் பந்தைக் காலோடு வைத்துக்கொண்டு ஓடுவதுதான். ஒருவர் ஓடுவார், மற்றவர்கள் பின்னாலேயே ஓடுவார்கள், பந்து நழுவினால் அடுத்தவர் எடுத்துக்கொண்டு மறுபடியும் ஓட்டம். உடல் பலமும் எடையும் இருந்தால் இது பலிக்கும், நல்ல சாப்பாடு சாப்பிட்டு வளர்ந்த ஈட்டன்காரர்களுக்குப் பலித்தது. ஸ்காட்லாந்தில் இதற்குள் பந்தைக் கைமாற்றி, அதாவது கால் மாற்றி, கூட்டாக முன்னேறும் பாணி வந்துவிட்டது. சூட்டரும் லவ்வும் டார்வெனுக்குக் கொண்டுவந்தது அதைத்தான். நூல் மில்லில் சிறுவயதிலிருந்தே நின்று வளர்ந்த ஒல்லி உடம்புக்காரர்கள், தன்னைவிடப் பத்துப் பன்னிரண்டு கிலோ கூடுதலான ஆளை மோதி வெல்ல முடியாது. அவன் வருவதற்குள் பந்தை அனுப்பிவிடலாம்.

சூட்டர் ஏன் டார்வெனை விட்டுப் போனார்?

1880-ல் அவர் பிளாக்பர்ன் ரோவர்ஸுக்கு மாறினார். ரோவர்ஸ் அதிகப் பணம் கொடுத்து இழுத்துவிட்டது என்பதுதான் அன்றைய டார்வென் முழுக்கப் பேச்சு. வேறு ஊருக்குப் போயிருந்தால்கூட மன்னித்திருப்பார்கள். பிளாக்பர்ன் என்றால் மன்னிக்க முடியாது.

அந்த நவம்பரில் இரண்டு அணிகளும் பிளாக்பர்னில் மோதியபோது சூட்டருக்கும் டார்வெனின் டாமி மார்ஷலுக்கும் கைகலப்பு, கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது, ஆட்டம் பாதியில் நின்றது. அந்தப் பருவத்து லங்காஷயர் கோப்பையிலும் இரண்டு கிளப்களும் தேதி விஷயத்தில் விட்டுக்கொடுக்காமல் சண்டை போட, சங்கம் இருவரையுமே போட்டியிலிருந்து நீக்கியது. இன்னும் பத்து வருடத்துக்குள் இந்த இரண்டில் ஒன்று நாடறிந்த கிளப், மற்றது பக்கத்து ஊர் என்று ஆகிவிடப் போகிறது. 1880-ல் அதை யாரிடம் சொல்லியிருந்தாலும் சிரித்திருப்பார்கள், ஏனென்றால் அதே வருடம்தான் முதலாவது லங்காஷயர் கோப்பை இறுதியில் டார்வென் ரோவர்ஸை 3-0 என்று வென்றிருந்தது.

டார்வென் எஃப்.ஏ. கோப்பையை வென்றதே இல்லையா?

இல்லை. கிட்ட வந்தது 1880-81-ல். காலிறுதியில் ராம்ஃபோர்டு அணியை 15-0 என்று நொறுக்கியது, அரையிறுதியில் ஓல்டு கார்த்தூசியன்ஸிடம் 4-1 என்று தோற்றது. சூட்டர் இல்லாமலேயே அவ்வளவு தூரம் போனார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த வருடம் தர்ஸ்டன் ராஸ்ட்ரன் என்ற டார்வென் பையன் பதினேழு வயதில் இங்கிலாந்துக்கு ஆடினான். மார்ஷலும் இங்கிலாந்துக்கு ஆடியவர்தான்.

2020-ல் வந்த 'தி இங்கிலீஷ் கேம்' நெட்ஃப்ளிக்ஸ் தொடரில் காட்டியது உண்மையா?

பாதி. சூட்டர், லவ், கின்னெர்டு, டார்வென், பிறகு பிளாக்பர்னுக்கு மாறியது, இதெல்லாம் உண்மை மனிதர்கள், உண்மை நிகழ்வுகள். வருடங்களைத்தான் கலைத்துப் போட்டுவிட்டார்கள். தொடரில் ஈட்டோனியன்ஸை இறுதியில் வென்று கோப்பை வாங்குவது சூட்டரின் பிளாக்பர்ன் அணி. 1883-ல் ஓல்டு ஈட்டோனியன்ஸை இறுதியில் 2-1 என்று தோற்கடித்துக் கோப்பையை முதன்முதலில் வடக்கே கொண்டுபோனது பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்ற வேறொரு கிளப். நெசவாளர், நூற்பாளர், பிளம்பர் என்று உழைப்பாளிகள் ஆடிய அணி அது, இறுதிக்கு முன் பிளாக்பூல் கடற்கரைக்குப் போய்ப் பயிற்சி எடுத்துவிட்டு வந்தார்கள். சூட்டர் அதில் இல்லை. அவர் ரோவர்ஸோடு 1882 இறுதியில் ஈட்டோனியன்ஸிடம் தோற்றார், பிறகு 1884, 1885, 1886 என்று மூன்று வருடம் தொடர்ந்து கோப்பை வென்றார். இதுவே போதுமான கதைதானே, எதற்கு இரண்டு கிளப்பையும் சேர்த்து ஒட்டினார்கள் என்று புரியவில்லை.

வீரர்களுக்குச் சம்பளம் கொடுப்பது எப்போது சட்டபூர்வமானது?

1885 ஜூலையில். அதற்கு முந்தைய வருடம் பிரெஸ்டன் கிளப் சம்பளம் கொடுப்பதாகப் புகார் வந்தபோது அதன் நிர்வாகி வில்லியம் சடெல், ஆமாம் கொடுக்கிறோம், எல்லோரும்தான் கொடுக்கிறார்கள் என்ற தோரணையில் ஒப்புக்கொண்டார். பிரெஸ்டனைப் போட்டியிலிருந்து நீக்கினார்கள். வடக்கத்திக் கிளப்கள் தனிச் சங்கம் ஆரம்பிப்போம் என்று மிரட்டியதும் லண்டனில் இருந்த கால்பந்துச் சங்கம் இறங்கி வந்தது. இறங்கி வந்தாலும் கோப்பை ஆட்டங்களுக்கு நிபந்தனை வைத்தார்கள்: சம்பளம் வாங்குகிறவர் கிளப்பிலிருந்து ஆறு மைலுக்குள் பிறந்தவராகவோ இரண்டு வருடமாக அங்கேயே வசிப்பவராகவோ இருக்க வேண்டும்.

டார்வெனுக்கு அது நல்லதுதானே?

கெட்டது. மறைத்துக் கொடுத்த காலத்தில் ஒரு சின்ன ஊர், சாமர்த்தியத்தாலும் நட்பாலும் இரண்டு நல்ல ஸ்காட்லாந்துக்காரர்களைப் பிடித்துவிடலாம். வெளிப்படையாகக் கொடுக்கலாம் என்று ஆன பிறகு அது ஏலம். யாருடைய வாசலில் அதிகக் கூட்டம் டிக்கெட் வாங்குகிறதோ அவர்களுக்கு ஆள். முப்பதாயிரம் பேர் உள்ள ஊர், வடக்கே பிளாக்பர்ன், தெற்கே போல்ட்டன், இரண்டும் ரயிலில் கொஞ்ச நேரத் தூரம். டார்வெனில் வளர்ந்த நல்ல ஆட்டக்காரன் ஏன் டார்வெனிலேயே இருக்க வேண்டும்? 1888-ல் ஃபுட்பால் லீக் தொடங்கியபோது பன்னிரண்டு கிளப்களில் ஆறு லங்காஷயரிலிருந்து எடுத்தார்கள்: அக்ரிங்டன், பிளாக்பர்ன் ரோவர்ஸ், போல்ட்டன், பர்ன்லி, எவர்ட்டன், பிரெஸ்டன். டார்வென் இல்லை.

லீகில் ஆடவே இல்லையா?

ஆடினார்கள். ஃபுட்பால் அலையன்ஸ் என்ற வேறொரு லீகில் இரண்டு பருவம் ஆடிவிட்டு, லீக் பதினான்கு அணிகளாக விரிந்த 1891-ல் உள்ளே வந்தார்கள். முதல் பருவத்திலேயே கடைசி இடம். 1892 ஏப்ரல் 4 அன்று, சற்றுமுன்தான் எஃப்.ஏ. கோப்பையை வென்றிருந்த வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் 12-0 என்று அடித்தது. முதல் டிவிஷனில் அதைவிடப் பெரிய வெற்றி இன்றுவரை கிடையாது. 1909-ல் நாட்டிங்ஹம் ஃபாரஸ்ட் லெஸ்டர் ஃபாஸேயை அதே 12-0-ல் வென்று சமன் செய்தது, அவ்வளவுதான்.

புதிதாகத் தொடங்கிய இரண்டாம் டிவிஷனில் அடுத்த பருவம் மூன்றாமிடம், அப்புறம் நாட்ஸ் கவுண்டியை டெஸ்ட் மேட்ச்சில் 3-2 என்று வென்று மேலே ஏறினார்கள். அந்தக் கால டெஸ்ட் மேட்ச் என்றால் ஏறுவதையும் இறங்குவதையும் முடிவு செய்கிற ஆட்டம். ஒரே வருடத்தில் ஸ்மால் ஹீத்திடம் (இன்றைய பர்மிங்ஹம் சிட்டி) 3-1 என்று தோற்றுத் திரும்பக் கீழே. அதற்கப்புறம் மேலே வரவில்லை.

141 கோல் வாங்கிய அணி இதுதானா?

இதேதான். 1898-99, இரண்டாம் டிவிஷன், 34 ஆட்டம். வெற்றி 2, சமன் 5, தோல்வி 27. அடித்தது 22, வாங்கியது 141. தொடர்ச்சியாகப் பதினெட்டு ஆட்டம் தோற்றார்கள். மான்செஸ்டர் சிட்டி, வால்சால், லஃப்பரோ மூன்றிடமும் தலா 10-0. ஒரு பருவத்தில் வாங்கிய கோல், தொடர் தோல்வி, இரண்டிலும் லீக் சாதனை இன்னும் இவர்கள் பெயரில்தான். ஓவலில் கால் மணி நேரத்தில் நான்கு கோல் திருப்பி அடித்து சரியாக இருபது வருடம்.

பருவம் முடிந்ததும் மறுபடி எங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கக்கூட இல்லை. லங்காஷயர் லீகுக்குப் போய்விட்டார்கள். 1899-ல் பார்லி பேங்கை விட்டு ஆங்கர் மைதானத்துக்கு மாறினார்கள், 1902-ல் அந்த லீகை வென்றார்கள். தன் அளவுக்கு ஏற்ற இடம் கிடைத்ததும் நன்றாகத்தான் ஆடினார்கள்.

அதற்குப் பிறகு பெரிய ஆட்டம் எதுவும்?

1932 ஜனவரியில் எஃப்.ஏ. கோப்பை மூன்றாம் சுற்றில் லண்டன் ஹைபரியில் ஆர்சனலோடு. 11-1 தோல்வி. அந்தக் காலத்து ஆர்சனல் நடப்பு லீக் சாம்பியன், டார்வென் லங்காஷயர் காம்பினேஷன் என்ற வட்டார லீகில் ஆடுகிற அணி, ஒரு கோல் அடித்ததே பேச்சு. அதற்குச் சில மாதம் முன், 1931 செப்டம்பர் இறுதியில், இந்த ஊருக்கு வந்துபோன இன்னொருவர் காந்தி. வட்டமேசை மாநாட்டுக்கு லண்டன் வந்தவரை, அந்நியத் துணிப் பகிஷ்கரிப்பால் எங்கள் மில்கள் எப்படிக் கிடக்கின்றன என்று வந்து பாருங்கள் என அழைத்தார்கள். மில் பெண்கள் அவரைச் சுற்றி நின்று கையுயர்த்திச் சிரிக்கிற அந்தப் பிரபலமான படம் டார்வெனில் எடுத்ததுதான்.

இப்போது கிளப் இருக்கிறதா?

பழைய கிளப் 2009-ல் கடனால் கலைக்கப்பட்டது. அதே வருடம் ஏ.எஃப்.சி. டார்வென் என்ற பெயரில் ஊர்க்காரர்கள் புதிதாகத் தொடங்கினார்கள். அதே ஆங்கர் மைதானம்தான், கீழ்மட்ட வட்டார லீகில் ஆடுகிறார்கள். பார்லி பேங்க் இருந்த இடத்தில் வீடுகள் வந்துவிட்டன, அங்கே போய்ப் பார்க்க ஒன்றும் இல்லை. ஆங்கருக்குப் போவதென்றால் பிளாக்பர்னிலிருந்து அதே பழைய ரயில் பாதையில் டார்வென் ஸ்டேஷனில் இறங்குங்கள்.